ஆண்டவர் சொன்னாரா, பிரதர் சொன்னாரா?



சென்ற மாதம் இந்தப் பகுதியில் நுண்கடன் குழுக்களைப் பற்றி எழுதியிருந்தேன். அதை வாசித்த ஒரு சகோதரி பஸ் தரிப்பிடத்தில் என்னை மறித்து, "கடன் அறவிட வாறவனுக்கு என்ன சொல்ல வேணும் எண்டு எழுதினீங்கள் மிஸ். ஜெபம் பண்ண வந்தவர் இரவு பத்து மணியாகியும் எழும்பிப் போகாட்டி என்ன சொல்லுற? அதையும் ஒருக்கா எழுதுங்களேன்" என்றார். சிரித்துக்கொண்டுதான் கேட்டார். பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டார். அந்தச் சிரிப்புத்தான் என்னை விடவில்லை. பகிடியாகக் கேட்டால்தான் கேட்க முடியும் என்ற நிலையில் உள்ள கேள்வி அது.

இம்மாதம் எழுதுவது பெரும்பாலும் கிறிஸ்தவச் சகோதரிகளை நோக்கியே. ஆனாலும் மற்றவர்கள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். ஆளும் இடமும் பெயரும் மாறுமே தவிர, நம்பிக்கையின் பெயரால் ஒரு பெண்ணின் வீட்டுக்குள்ளும் கைப்பைக்குள்ளும் நுழைகிற வழி எல்லாச் சமயத்திலும் ஏறத்தாழ ஒன்றுதான்.

மட்டக்களப்பு மாவட்டத்தில், வாவிக்கரையில் உள்ள ஒரு கிராமத்தில் ஓர் அக்கா இருக்கிறார். அடையாளம் தெரியாதிருக்கச் சில விபரங்களை மாற்றி, அவருடைய அனுமதியோடுதான் இதை எழுதுகிறேன். கணவர் கட்டாரில் வேலை. மூன்று பிள்ளைகள். வீட்டிலேயே தையல் தைக்கிறார், பாடசாலைச் சீருடை என்றால் அந்தப் பக்கத்தில் அவரிடம்தான் கொடுப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ஆராதனைக்குப் போவார். புதன்கிழமைகளில் அவருடைய வீட்டில் ஜெபக்கூட்டம். அதை நடத்தியவரை எல்லோரும் 'பிரதர்' என்றே அழைப்பார்கள்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஜெபக் குழுக்களைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை. 2004 சுனாமிக்குப் பிறகும், 2009இல் யுத்தம் முடிந்த பிறகும், 2019 உயிர்த்த ஞாயிறுக்குப் பிறகும் எங்கள் பக்கத்தில் பல வீடுகளில் பெண்கள் தனியே இருந்து அழுதார்கள். அந்த வீடுகளின் படலையைத் திறந்து, பாயில் உட்கார்ந்து, கையைப் பிடித்துக்கொண்டு ஜெபித்தவர்களில் இப்படியான சிறு குழுக்களைச் சேர்ந்தவர்களும் உண்டு. நாங்கள் படிவங்களோடு போனோம், அவர்கள் சோற்றுப் பார்சலோடு போனார்கள். எவரை அந்தப் பெண்கள் நம்புவார்கள் என்று கேட்கத் தேவையில்லை.

அக்காவின் வீட்டுக்கும் பிரதர் அப்படித்தான் வந்தார். சின்ன மகனுக்கு நெஞ்சுச்சளி என்று கேள்விப்பட்டு வந்து ஜெபித்தார். பிறகு குழுவாக வந்தார்கள். பிறகு குழு வராத நாட்களிலும் அவர் வந்தார். பிறகு பிள்ளைகள் படுத்த பிறகும் வந்தார். தவறாக நடந்தார் என்று அக்கா ஒருபோதும் சொல்லவில்லை. ஆனால் முன்கதவு திறந்திருக்கட்டும் என்று நினைத்து அவர் விளக்கை எரியவிட்டு வைத்த இரவுகள் பல. கதவைத் திறந்து வைக்க வேண்டும் என்று தோன்றிய அந்த உணர்வை அவரே ஏன் கணக்கில் எடுக்கவில்லை? "ஆண்டவருடைய மனுஷனைப் பற்றி அப்படி நினைக்கிறதே பாவம் எண்டு நினைச்சன்" என்றார்.

ஒருநாள் பிரதருக்கு ஒரு தரிசனம். கட்டாரில் கணவருக்கு ஓர் ஆபத்து வருகிறது. அதைத் தடுக்க அக்கா தன்னிடம் உள்ள மிக அருமையான பொருளைப் பலியாகக் கொடுக்க வேண்டும். கணவருக்குச் சொன்னால் அவருடைய அவிசுவாசம் ஆசீர்வாதத்தைத் தடுத்துவிடும். வீட்டில் இருந்த அருமையான பொருள் ஐந்து பவுண் தாலிக்கொடி. புதிய ஜெபமண்டபத்துக்கு அத்திவாரம் போட்டிருந்த நேரம் அது.

அக்கா என்னிடம் வந்தது முறையிடுவதற்கு அல்ல. மூத்த மகளின் அடையாள அட்டை விண்ணப்பத்துக்காக வந்தவர், வேலை முடிந்தும் போகாமல் கதிரையில் இருந்தார். மெல்ல மெல்லச் சொன்னார். நான் என்ன செய்தேன் தெரியுமா? சமூகவியல் படித்த திமிரில், "அக்கா, அவன் கள்ளன். இதில் யோசிக்க என்ன இருக்கிறது?" என்று வெட்டி விட்டேன். அவர் எழும்பி, "சரி மிஸ்" என்று சொல்லிப் போனார். மூன்று மாதம் அந்தப் பக்கமே வரவில்லை.

அது என் பிழை. பிரதர் அவருக்காக முடிவெடுத்தார், நானும் அவருக்காகவே முடிவெடுத்தேன். அவருடைய விசுவாசத்தை ஏமாளித்தனம் என்று சொன்னதாகவே அவர் எடுத்துக்கொண்டார். உண்மையில் என் குரலில் அது இருந்தது. எங்களைப் போன்றவர்கள் சமயத்தை ஒதுக்கிவைத்துவிட்டு 'விழிப்புணர்வு' கொடுக்கப் போனால் பெண்கள் பணிவாகத் தலையாட்டிவிட்டு வீட்டுக்குப் போய் அவர்கள் நம்புகிற ஆளிடமே கேட்பார்கள்.

மூன்று மாதம் கழித்து அடகுச் சீட்டோடு வந்தார். கொடி வங்கியில். எடுத்த காசில் பாதி பிரதரிடம், மீதி அலுமாரிக்குள் ஒரு கடித உறையில். "மிச்சத்தையும் கொடுக்கச் சொல்லுறார் மிஸ். கொடுக்கிறதா வேண்டாமா எண்டு எனக்கு விளங்குதில்ல" என்றார். இம்முறை நான் வாயை மூடிக்கொண்டு, "உங்கட வேதாகமத்தைக் கொண்டு வந்தீங்களா?" என்று மட்டும் கேட்டேன். பையில் இருந்தது. நானும் கிறிஸ்தவக் குடும்பத்தில் வளர்ந்தவள்தான். பக்கங்களைத் தேட அதிக நேரம் ஆகவில்லை.

மிச்சக் காசைக் கொடுக்காவிட்டால் என்ன நடக்கும் என்று பிரதர் சொல்லியிருந்தது அனனியா, சப்பீராள் கதை. நிலத்தை விற்று அதில் ஒரு பங்கை ஒளித்துவைத்த கணவனும் மனைவியும் செத்து விழுந்த கதை அப்போஸ்தலர் நடபடிகள் ஐந்தாம் அதிகாரத்தில் வருகிறது. அக்காவுக்கு அந்தக் கதை நன்றாகத் தெரியும். ஆனால் இருவரும் நிதானமாக வாசித்தபோது அவர் நான்காம் வசனத்தில் விரலை வைத்து நின்றுவிட்டார். விற்குமுன் நிலம் உன்னுடையதாகத்தானே இருந்தது, விற்ற பிறகும் பணம் உன் கையில்தானே இருந்தது என்று பேதுரு அனனியாவிடம் கேட்கிறார். அதாவது கொடுக்கும்படி அவர்களை எவரும் வற்புறுத்தவில்லை. குறைத்துக் கொடுத்தது குற்றமல்ல. முழுவதையும் கொடுத்ததாகப் பொய் சொன்னதே குற்றம். அக்கா அந்த வசனத்தை மூன்று தரம் வாசித்தார். "இதை ஏன் ஒருத்தரும் வாசிச்சுக் காட்டயில்ல?" என்றார்.

வசனம் சொல்கிறார் என்பதற்காக ஒருவர் சொல்வது சரியாகிவிடாது. வனாந்தரத்தில் இயேசுவைச் சோதித்தவனும் சங்கீதத்திலிருந்து வசனம் சொல்லித்தான் சோதித்தான். ஆகவே வசனத்துக்கு முன்னும் பின்னும் என்ன இருக்கிறது என்று பார்க்கும் உரிமை வாசிக்கத் தெரிந்த ஒவ்வொரு பெண்ணுக்கும் உண்டு. 1824இல் உடுவிலில் அமெரிக்க மிஷனரிமார் பெண் பிள்ளைகளுக்கென்று விடுதிப் பாடசாலை தொடங்கினார்கள். மிஷனில் படித்த இளைஞர்களுக்குக் கிறிஸ்தவ மனைவிமார் வேண்டும் என்பதும் அவர்களுடைய நோக்கங்களில் ஒன்று. அதை மறைக்கத் தேவையில்லை. ஆனால் எழுத்தைப் படித்துக்கொண்ட பெண் பிறகு எதை வாசிப்பாள், எங்கே விரல் வைத்து நிற்பாள் என்பதை எவராலும் தீர்மானிக்க முடியாது.

'ஆவிகளைப் பகுத்தறிதல்' என்ற சொல்லை நம்மில் பலர் ஏதோ ஒரு சிலருக்கு மட்டும் கிடைக்கிற வரம் என்று நினைத்து ஒதுங்கிவிடுகிறோம். யோவானின் முதலாம் நிருபத்தில் எல்லா ஆவிகளையும் நம்பாமல் சோதித்துப் பாருங்கள் என்ற அறிவுரை முழுச் சபைக்கும் சொல்லப்பட்டது. பவுல் தெசலோனிக்கேயருக்கு எழுதும்போது தீர்க்கதரிசனங்களை அற்பமாக எண்ணவும் வேண்டாம், சோதிக்காமல் எடுக்கவும் வேண்டாம் என்கிறார். கொரிந்தியருக்கு எழுதும்போது தீர்க்கதரிசிகள் பேசட்டும், மற்றவர்கள் நிதானித்துப் பார்க்கட்டும் என்கிறார். அந்த 'மற்றவர்கள்' என்ற சொல்லுக்குள் பாயில் உட்கார்ந்திருக்கும் தையற்கார அக்காவும் அடக்கம் என்பதே என் கருத்து.

ஆதிச் சபைக்கும் இதே தலையிடி இருந்திருக்கிறது என்பதை அறிந்தால் ஆறுதலாக இருக்கும். 'திதாக்கே' என்று ஒரு சிறு நூல் உண்டு. கிறிஸ்தவத்தின் மிகப் பழைய நூல்களில் ஒன்று. நெடுங்காலம் காணாமற்போய், 1873இல் கொன்ஸ்தாந்திநோப்பிளில் பிரதி கண்டெடுக்கப்பட்டு, 1883இல் அச்சேறியது. ஊர் ஊராக வரும் போதகர்களை எப்படி உபசரிப்பது என்று அதில் சொல்லப்படுகிறது. வரவேற்கச் சொல்கிறது. ஒரு நாள் தங்கலாம், தேவையென்றால் இரண்டு நாள். மூன்றாம் நாளும் தங்கினால் அவன் கள்ளத் தீர்க்கதரிசி. காசு கேட்டாலும் அப்படியே. ஆவியில் நின்று 'எனக்குக் காசு தா' என்பவனுக்குச் செவிகொடுக்காதே; இல்லாதவர்களுக்காகக் கேட்டால் அது வேறு. எவ்வளவு சாதாரணமான, கிராமத்துக் கிழவி சொல்வதைப் போன்ற அறிவு! நாள், காசு, யாருக்காக என்ற மூன்றையும் பார்த்தாலே பாதி விளங்கிவிடுகிறது.

காணிக்கையைப் பற்றி இயேசு சொன்ன ஒன்றும் உண்டு. மாற்கு ஏழாம் அதிகாரத்தில் 'கொர்பான்' என்ற ஒரு வழக்கத்தை அவர் கண்டிக்கிறார். பெற்றோருக்குச் செய்ய வேண்டியதை 'இது கடவுளுக்கென்று நேர்ந்துவிட்டது' எனச் சொல்லித் தட்டிக்கழிப்பதே அந்த வழக்கம். பிள்ளையின் படிப்புக்கும் ஆபத்து அவசரத்துக்கும் வைத்திருந்த கொடியைக் கடவுளின் பெயரால் கேட்டு வாங்குவது அதே கதையின் மறுபக்கம்தான்.

அடுத்து இரகசியம். இங்கே எனக்கு மிகவும் உதவியவர் ஒரு பழைய போர்வீரர், லொயோலா இஞ்ஞாசியார். 1521இல் பம்ப்லோனா கோட்டைச் சண்டையில் பீரங்கிக் குண்டு பட்டுக் கால் முறிந்து, மாதக்கணக்காகப் படுத்த படுக்கையாகக் கிடந்தார். அவர் கேட்ட வீரகாதைகள் அந்த வீட்டில் இல்லை. கிடைத்தவை கிறிஸ்துவின் வாழ்க்கையும் புனிதர்களின் வரலாறும்தான். படுத்தபடி இரண்டு வகைப் பகற்கனவு கண்டார். ஒரு சீமாட்டியைக் கவரும் சாகசங்களை நினைக்கும்போது இனிக்கும், பிறகு மனம் வறண்டுபோகும். புனிதர்களைப் போல வாழ்வதை நினைக்கும்போதும் இனிக்கும், ஆனால் நினைவு போன பிறகும் அந்த நிறைவு நிற்கும். இந்த வித்தியாசத்தைக் கவனித்ததில் இருந்தே அவருடைய பகுத்தறியும் விதிகள் பிறந்தன. அவை அடங்கிய 'ஆன்மீகப் பயிற்சிகள்' 1548இல் அச்சானது.

அதில் ஒரு விதி, தீய ஆவியை ஒரு வஞ்சகக் காதலனுக்கு ஒப்பிடுகிறது. நல்ல குடும்பத்துப் பெண்ணிடமோ இன்னொருவரின் மனைவியிடமோ ஆசை வார்த்தை பேசுகிறவன், அந்தப் பேச்சு தகப்பன் காதுக்கோ கணவன் காதுக்கோ போகக் கூடாது என்றே விரும்புவான்; வெளியே தெரிந்தால் தன் எண்ணம் நிறைவேறாது என்று அவனுக்குத் தெரியும். இதை நான் அக்காவுக்குச் சொன்னபோது அவர் சிரித்துவிட்டார். "அவருக்கு எப்பிடி மிஸ் எங்கட ஊர் தெரியும்?" (அதே நூலில் இதற்கு முந்திய விதியில் தீய ஆவியைப் பெண்ணுக்கும் ஒப்பிடுகிறார். அது எனக்குப் பிடிக்கவில்லை. பகுத்தறியச் சொன்னவரின் புத்தகத்தையும் பகுத்தறிந்துதான் எடுக்க வேண்டியிருக்கிறது.)

கணவனுக்குச் சொல்லாததெல்லாம் பாவம் என்று நான் சொல்லவரவில்லை. அபிகாயில் தன் கணவன் நாபாலுக்குச் சொல்லாமலே இருநூறு அப்பங்களையும் மற்றவற்றையும் கழுதைகளில் ஏற்றிக்கொண்டு தாவீதைச் சந்திக்கப் போனாள். வீட்டில் உள்ளவர்களின் உயிரைக் காக்கப் போனாள். வெறி தெளிந்த காலையில் தானே அவனுக்குச் சொன்னாள். அவள் இரகசியத்தால் வீடு பிழைத்தது. பிரதர் கேட்ட இரகசியத்தால் பிழைத்தது ஜெபமண்டபம் மாத்திரமே. கத்தோலிக்கச் சகோதரிகளுக்கு இன்னொரு விளக்கம் தேவைப்படலாம். பாவசங்கீர்த்தன இரகசியம் குருவானவரைத்தான் கட்டுப்படுத்துகிறது, அறிக்கையிடும் உங்களை அல்ல. அங்கே உங்களிடம் தகாத ஒன்று கேட்கப்பட்டால் அதை வெளியே சொல்ல உங்களுக்கு முழு உரிமை உண்டு. அப்படிக் கேட்பது திருச்சபைச் சட்டத்திலேயே குற்றம்.

அன்று அக்கா கேட்ட கடைசிக் கேள்விதான் கடினமானது. "கொடுக்கிறன் எண்டு முடிவெடுத்த இரவு எனக்குள்ள ஒரு சமாதானம் வந்திச்சே மிஸ். அது பொய்யா?"

பொய் என்று சொல்ல நான் யார்? நான் திருப்பிக் கேட்டேன்: அந்தச் சமாதானம் எத்தனை நாள் நின்றது? யோசித்தார். மறுநாள் கணவர் தொலைபேசி எடுத்தபோது கழுத்து வெறுமையாகத் தெரியக்கூடாது என்று வீடியோவை நிறுத்திவிட்டுக் கதைத்ததாகச் சொன்னார். அதற்கடுத்த நாள் தலையிடி என்று அழைப்பை எடுக்கவேயில்லை. ஒரு கிழமைக்குப் பிறகு ஜெபிக்க உட்கார்ந்தாலே நெஞ்சு படபடத்தது. சமாதானம் போல் வந்தது பயம் தீர்ந்த களைப்பாகவும் இருக்கலாம் என்று பிறகு அவரே சொன்னார். ஓர் எண்ணம் தொடங்கிய விதத்தை மட்டுமன்றி, நடுவில் எப்படிப் போகிறது, எங்கே கொண்டுபோய் விடுகிறது என்பதையும் பார்க்க வேண்டும் என்றுதான் இஞ்ஞாசியாரும் சொல்கிறார். மனம் இருண்டு கலங்கியிருக்கும் நேரத்தில் முன்பு எடுத்த நல்ல முடிவை மாற்றாதே என்பதும் அவருடைய விதி. பயங்காட்டப்பட்ட இரவில் எந்தக் காசையும் எவரிடமும் கொடுக்காதீர்கள் என்று நான் அதை எங்கள் பாஷையில் சொல்லி வருகிறேன்.

ஆனால் இங்கே ஒரு பொறியும் இருக்கிறது. 'இல்லை' என்று சொன்ன பிறகு வரும் கலக்கத்தையும் நாம் இதே அளவுகோலால் அளந்து, 'சமாதானம் இல்லை, ஆகவே நான் சொன்னது பிழை' என்று முடிவெடுத்துவிடக் கூடாது. நம்மில் பெரும்பாலோர் சின்ன வயதிலிருந்து மறுத்துப் பேசாத பிள்ளைதான் நல்ல பிள்ளை என்று கேட்டு வளர்ந்தவர்கள். வந்தவருக்குத் தேத்தண்ணி கொடுக்காமல் அனுப்பினாலே நமக்குள் மணி அடிக்கும். அந்த மணி மனச்சாட்சி அல்ல, பழக்கம். எதற்கு 'இல்லை' என்றாலும் ஒரே சத்தத்தில் அடிக்கும். மனச்சாட்சி இன்னது பிழை என்று காட்டித்தரும். இந்த மணி 'நீ கெட்டவள்' என்று மட்டும் சொல்லும்.

பல்கலைக்கழகத்தில் மக்ஸ் வெபரைப் படித்தபோது 'கரிஸ்மா' என்ற சொல்லைச் சோதனைக்காகப் பாடமாக்கினேன். பவுலின் நிருபங்களில் ஆவிக்குரிய வரத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல் அது. பதவியாலோ சட்டத்தாலோ வராமல், ஒருவரிடம் விசேஷ வரம் இருக்கிறது என்று மற்றவர்கள் நம்புவதால் வரும் அதிகாரத்தை விளக்க வெபர் அதை எடுத்தாண்டார். அந்த அதிகாரத்துக்கு நியமனக் கடிதம் இல்லை, ஆகவே மேலதிகாரியிடம் முறையிடவும் வழியில்லை. நம்புகிறவர்கள் ஒன்றுகூடிக் கதைக்கும்வரை அது அசையாது. இதை நான் புரிந்துகொண்டது விரிவுரை மண்டபத்தில் அல்ல, அக்காவின் விறாந்தையில். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

இடையில் ஒரு கடிதம். மலையகத்திலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். கணவர் அடிக்கிறார். சபையில் சொன்னபோது, 'மன்னியுங்கள், வீட்டுக்குப் போய் ஜெபியுங்கள், உங்கள் பொறுமையால் அவர் இரட்சிக்கப்படுவார்' என்றார்களாம். சகோதரி, மன்னிப்பது வேறு, அடி விழும் இடத்தில் போய் நிற்பது வேறு. சவுல் ஈட்டியை எறிந்தபோது தாவீது விலகி ஓடினான். பிறகு சவுல் கையில் கிடைத்தபோது அவனைக் கொல்லவில்லை. மன்னித்தான், ஆனால் அரண்மனைக்குத் திரும்பிப் போகவில்லை. நம் நாட்டில் 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. உடலைக் காயப்படுத்துவது மட்டுமல்ல, கடுமையான உளத் துன்புறுத்தலும் அதற்குள் வரும். நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். பன்னிரண்டு மாதம் வரையும் கொடுக்கப்படலாம். உங்களுக்காகப் பொலிஸாரும் விண்ணப்பிக்கலாம். முதலில் யாரிடமாவது கதைக்க வேண்டும் என்றால் பெண்களுக்கான 1938 இலக்கம் இருக்கிறது; பிரதேச செயலகத்தில் பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தர் இருக்கிறார். ஜெபிப்பதை நிறுத்தச் சொல்லவில்லை. பாதுகாப்பான வீட்டிலிருந்தும் ஜெபிக்கலாம்.

நல்லவர்களுக்கும் எல்லை போட வேண்டியிருக்கிறது என்பதையும் ஒரு வரி சொல்லிவிடுகிறேன். எனக்குத் தெரிந்த ஒரு போதகரின் மனைவி மூன்று வருடமாக ஒருநாள்கூட மத்தியானம் படுத்ததில்லை. யாராவது துயரத்தோடு வந்துவிடுவார்கள். மாற்கு முதலாம் அதிகாரத்தில் இயேசு இருட்டோடு எழுந்து தனியிடம் போய்விடுகிறார். எல்லோரும் தேடுகிறார்கள் என்று சீஷர்கள் வந்து சொல்கிறார்கள். அவர் அவர்களிடம் திரும்பாமல் அடுத்த ஊர்களுக்குப் போவோம் என்கிறார். கப்பர்நகூமில் அன்று காத்துக்கொண்டிருந்தவர்களும் உண்மையான நோயாளிகள்தான். அந்த அம்மாவிடம் இதைச் சொன்னேன். இப்போது இரண்டு மணியிலிருந்து மூன்றரை வரை கதவைச் சாத்துகிறார். சபையில் சிலருக்கு மனத்தாங்கலாம். இருக்கட்டும்.

இனி அக்காவின் கதைக்கு வருகிறேன். அன்று பின்னேரமே கணவருக்கு எடுத்துச் சொன்னார். இரண்டு நாள் அவர் கதைக்கவில்லை. மூன்றாம் நாள், "கொடி போனா போகட்டும். நீ ஏன் எனக்கு ஒளிச்சாய்?" என்று கேட்டு அழுதாராம். பிரதரிடம் மீதிக் காசைக் கொடுக்கப் போவதில்லை என்றும், புதன்கிழமை எல்லோரோடும் வரலாம், தனியே இரவில் வர வேண்டாம் என்றும் அக்கா சொன்னார். அந்த இரண்டு வசனத்தையும் என் அலுவலகத்தில் இருந்து நாலைந்து தரம் சொல்லிப் பழகிவிட்டுத்தான் போனார். பிரதர் சத்தம் போடவில்லை. "நான் உங்களைத் தேவனுடைய கையில் விட்டுவிடுகிறேன்" என்று மட்டும் சொன்னார். சத்தம் போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஆறு கிழமை கழித்துச் சின்ன மகனுக்கு டெங்கு. ஆஸ்பத்திரியில் குருதிச் சிறுதட்டு எண்ணிக்கை இறங்கிக்கொண்டே போனது. ஜெபக் குழுவில் ஒருவர் வந்து, 'பார்த்தீங்களா' என்று கேட்டுவிட்டுப் போனார். அன்றிரவு அக்கா எனக்குத் தொலைபேசி எடுத்து, அலுமாரியில் இருக்கும் காசைக் கொடுக்கப் போகிறேன் என்றார். நான் எந்த வசனமும் சொல்லவில்லை. சொல்ல வசனமும் வரவில்லை, எனக்கும் பயமாகத்தான் இருந்தது. "விடியட்டும் அக்கா. அந்த வார்டில எத்தின பிள்ளைகள் டெங்கோட இருக்கு எண்டு மட்டும் எண்ணிப் பாருங்க" என்றேன். காலையில் பதினொன்று என்று குறுஞ்செய்தி வந்தது. பதினொரு தாய்மாரும் பிரதருக்குக் காசு கொடுக்காதவர்களா என்று தனக்குத் தானே கேட்டுக்கொண்டாராம். ஐந்தாம் நாள் மகன் தேறி வீட்டுக்கு வந்தான்.

அவனைப் பார்க்க வந்தவர்களில் ஜெபக் குழுவைச் சேர்ந்த இரண்டு பெண்கள் மற்றவர்கள் போகும்வரை இருந்தார்கள். அவர்களில் ஒருத்தி மெல்ல, "அக்கா, உங்கட கொடி எங்க?" என்று கேட்டாள். அக்கா அடகுச் சீட்டை எடுத்துக் காட்டினார். கேட்டவள் தன் கைப்பையைத் திறந்து தன்னுடைய சீட்டை எடுத்தாள். மற்றவளிடம் சீட்டு இல்லை, காப்பை விற்றே கொடுத்திருந்தாள். மூவருக்கும் அதே தரிசனம். ஒருத்தியின் கணவருக்குக் கட்டாருக்குப் பதில் சவூதி. ஒவ்வொருத்தியும் தான் மட்டும்தான் என்று நினைத்திருந்தாள்.

மூவரும் சேர்ந்து சபையின் மூப்பர்களிடம் போனார்கள். நான் கூட வரவா என்று கேட்டேன், வேண்டாம் என்றார்கள். மூப்பர்களில் இருவர் அவர்களையே கடிந்துகொண்டார்கள். ஒருவர் மட்டும் கணக்குப் புத்தகத்தைக் கேட்டார். காசில் ஒரு பகுதி தவணையாகத் திரும்ப வருகிறது, முழுவதும் வருமா என்று தெரியாது. காப்பு விற்றவள் அந்தச் சபைக்குப் போவதை விட்டுவிட்டாள். அக்கா இன்னும் போகிறார். புதன்கிழமை ஜெபமும் அவருடைய வீட்டில்தான் நடக்கிறது, இப்போது பெண்களே நடத்துகிறார்கள். அக்கா அனனியா கதையை முழுவதும் வாசித்துக் காட்டினாராம்.

கொடி இன்னும் வங்கியில்தான். வட்டியை மாதாமாதம் கட்டி வருகிறார். சென்ற கிழமை சீருடைத் துணி கொடுக்கப் போனபோது விறாந்தையில் இரண்டு கதிரை போட்டிருந்தது. முன்பு அவை உள்ளே சாலையில் இருந்தவை. வெயிலில் கிடக்கிறதே, உள்ளே எடுத்து வைக்கட்டா என்று கேட்டேன்.

"வேணாம் மிஸ்" என்றார் தையலை விட்டுத் தலை நிமிராமலே. "வாற ஆக்களுக்கு எண்டுதான் போட்டிருக்கன்."